இரண்டாம் லுபானை நான் கொன்ற வாரம்

இருபத்தாறு வருட வேலையில் நான் ஒரே ஓர் ஆளைத்தான் கொன்றிருக்கிறேன். அவரும் பிழைத்துக்கொண்டார்.

ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இதை என் கடைசி நாளன்றே சொல்லியிருக்க வேண்டும். கேக் சின்னது, கூட்டம் பெரியது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் பாதிப் பேர் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டீர்கள். ஐம்பத்தைந்து வயதில் "விருப்ப ஓய்வு" பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பிளெய்ன்ஸ்பரோ வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் மனைவி கலா பின்னாலிருந்து எட்டிப் பார்க்காத நேரமாகப் பார்த்து.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பழைய ஆட்டங்களின் கணக்கு. யார் ஆடினார், எங்கே ஆடினார், எத்தனை கோல், எப்போது இறந்தார். பத்திரிகைகளும் கிளப்புகளும் நம்மிடம் வாங்கிப் போட்டுக்கொள்கின்றன. நாம் எழுதினால் அது உண்மை. இந்த வாக்கியத்தை இப்போதுகூட இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் எழுதினேன்.

என் பங்குக்கு வந்தது டிவிக்கு முந்தைய கிழக்கு ஐரோப்பியக் கால்பந்து. கோபிச்செட்டிபாளையத்துக்காரனுக்கும் ருமேனியக் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கலா இன்றுவரை கேட்கிறாள். சம்பந்தம் ஒன்றுமில்லை. நியூவார்க் பக்கத்துப் பார்சிப்பனி ஆபீஸில் ஜன்னலோர நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அந்த நாற்காலியோடு ருமேனியாவும் சேர்ந்து வந்தது.

ஒரு வருடம் இரட்டைப் பதிவுகளை ஒழிக்கும் பணி வந்தது. ஒரே ஆட்டக்காரர் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பட்டியலை வேகமாக முடிப்பவருக்குப் பாராட்டு. வேகம் என்றால் எனக்குப் பிடிக்கும். யோசிக்க வேண்டாம் அல்லவா.

அதில் வந்தார்கள் லுபான் I, லுபான் II. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) இருவருக்கும் ஒரே இரும்பாலை ஊர், ஒரே கிளப், அதே ஐம்பதுகள். அந்தக் காலத்து ருமேனியப் பத்திரிகைகளில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரு பதிவில் இறந்த வருடம் இருந்தது, மற்றதில் இல்லை. நான் என் லேப்டாப்பைப் பார்த்தேன். அதில் "ரெஸ்யூமே பைனல்" என்று ஒன்றும் "ரெஸ்யூமே பைனல் 2" என்று ஒன்றும் இருந்தன. இரண்டிலும் இருப்பவன் நான்தான். ஆக, II என்பது யாரோ சோம்பேறி எடுத்து வைத்த இரண்டாம் நகல். சேர்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் எச்சரித்தது. "இந்த ஆட்டக்காரர் ஒரே நாளில், ஒரே ஆட்டத்தில், நடு முன்வரிசையிலும் இடது ஓரத்திலும் ஆடியிருக்கிறார். காரணம் எழுதவும்." நான் எழுதிய காரணம்: "பத்திரிகைப் பிழை."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கண்முன் ஒரு முரண் வந்து நிற்கும்போது, பிழை எழுபது வருடத்துக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு ஆட்டம் பார்த்த நிருபருடையதா, மதியச் சாப்பாட்டுக்கு அவசரப்படும் உங்களுடையதா என்று ஒரு நிமிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அன்று கேண்டீனில் பிரியாணி.

சேர்த்து முடித்ததும் கிடைத்த லுபான் மகத்தானவர். இரண்டு கால்களாலும் ஆடுகிறார், எல்லா இடத்திலும் இருக்கிறார், கோப்பை இறுதியாட்டத்தில் ஒரே கோலையும் அவரே போடுகிறார். இப்படிப்பட்ட மேதையை உலகம் மறந்துவிட்டதே என்று நான் உண்மையாகவே வருந்தியிருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, டெக்சாஸ் பேர்லேண்டிலிருந்து மெயில். அனுப்பியவர் எலேனா, வயது அறுபதை நெருங்கும் நர்ஸ். அவர் எழுதியதன் சாரம் இது: "நீங்கள் இறந்துவிட்டதாகப் பதிவு செய்திருக்கும் என் அப்பா இப்போது என் சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். லுபான் ஒன்று என் பெரியப்பா, அவர்தான் இறந்தவர். லுபான் இரண்டு என் அப்பா. அண்ணன் தம்பி ஒரே அணியில் ஆடினால் எங்கள் ஊரில் அப்படித்தான் எண் போடுவார்கள்."

அண்ணன் ஒன்று, தம்பி இரண்டு. அவ்வளவுதான் விஷயம். எங்கள் வீட்டில் பெரியப்பா பையனும் சுப்பிரமணி, நானும் சுப்பிரமணி. அவன் பெரிய மணி, நான் சின்ன மணி. ஊரே இருபது வருடம் அப்படித்தான் கூப்பிட்டது. உலகத்தில் இந்தத் தப்பைச் செய்யக் கூடாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்.

மெயிலின் அடுத்த பத்தியை மூன்று முறை படித்தேன். அந்த இரும்பாலை ஊரில், பழைய மைதானச் சுவரில், கோப்பை வென்ற அணியின் பெயர்களைக் கல்லில் வெட்டப்போகிறார்கள். பட்டியல் எடுத்தது நம்மிடமிருந்து. அதில் ஒரே ஒரு லுபான், பக்கத்தில் இறந்த வருடம். வெள்ளிக்கிழமை அங்கே மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். சனிக்கிழமை உளி இறங்கும். நகராட்சிக்காரரிடம் எலேனா போனில் கெஞ்சியிருக்கிறார். அந்த மனிதர், "ஆவண நிறுவனம் எழுதிக் கொடுத்தால் மாற்றுகிறோம்" என்று சொல்லிவிட்டாராம்.

தொண்ணூற்றொரு வயது மனிதர் தன் பெயரைத் தன் ஊர்ச் சுவரில் பார்ப்பாரா மாட்டாரா என்பது என் கையில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்மிடம் இருக்கும் தானியங்கிப் பதிலை அனுப்பினேன். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. பத்து வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும்." அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து அந்த மெயிலை மறுபடி பார்க்காமல் இருக்க, செக்கோஸ்லோவாக்கியா முழுவதையும் சரிபார்த்தேன். செக்கோஸ்லோவாக்கியா அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாள் காலைதான் மேலாளரிடம் போனேன். அவர் திருநெல்வேலிக்காரர், என்னைவிட ஒரு வயது இளையவர், இருந்தாலும் எல்லோருக்கும் அண்ணாச்சி.

"என்னவே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன்.

"மெயில் எப்ப வந்துச்சு?"

"நேத்துக் காலையில அண்ணாச்சி."

"நேத்தா? நேத்து முழுக்க என்ன செஞ்சீரு?"

"ஆட்டோ ரிப்ளை அனுப்புனேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆளையும் கொன்னுபோட்டு, அவரு மகளுக்கு ‘கருத்துக்கு நன்றி'ன்னு வேற எழுதிருக்கீரு. நல்லா இருக்குய்யா உம்ம மரியாதை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டுக்கொண்டு, நான் சேர்ப்பதற்கு முந்தைய பழைய பிரதியை எடுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் இரண்டு லுபான்களையும் பிரித்துவிட்டோம். லீக் ஆட்டங்கள், பயணங்கள், பிறந்த வருடங்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றே ஒன்று தவிர. கோப்பை இறுதியாட்டத்தின் அந்தக் கோல். கிடைத்த எல்லாப் பத்திரிகையிலும் "லுபான்" என்று மட்டும் இருந்தது. அன்று அடித்த மழையில் சட்டை எண்கள் சேற்றில் மறைந்துவிட்டதாக ஒரு நிருபரே எழுதியிருந்தார். கல்லிலோ கோல் போட்டவர் பெயருக்குக் கீழே அதைச் சொல்லும் ஒரு வரி வெட்டுவதாக இருந்தது.

எலேனாவுக்குப் போன் செய்தோம். மன்னிப்புக் கேட்டேன். கோலைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் மாறியது.

"அது அப்பாவோட கோல். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? நான் ஐம்பது வருஷமா கேட்டுக்கிட்டு வர்ற கதை."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா மேடம்?"

"அவருக்குப் போன்ல காது கேக்காது. ஆனா அவர் ஒண்ணு சொல்லச் சொன்னார். தன்னைக் கொன்ன ஆளை நேர்ல பாக்கணுமாம்."

அண்ணாச்சி அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. சிரித்து முடித்துவிட்டு, அன்று சாயங்காலமே நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு எனக்கு டிக்கெட் போட்டார். வாசல்வரை வந்து சொன்னதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே உபதேசம்.

"மக சொல்றது சாட்சி இல்ல. பெரியவரு ‘என் கோல்'னு சொன்னாலும் எழுதிராதயும், காலியா விடும். தன் பெருமையை யாரும் சொல்லுவான். ஆனா ‘என் கோல் இல்ல'ன்னு சொன்னாருன்னு வையும், கண்ண மூடிட்டு எழுதும். தனக்கு எதிரா ஒருத்தன் சொல்றத நம்பலாம்வே."

வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். கலா கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"ஏனுங்க, கொன்னவரே துக்கம் விசாரிக்கப் போறீங்களா?"

"அவர் சாகலடி. அதுதான் பிரச்சனையே."

"வெறுங்கையோட போகாதீங்க." ஒரு டப்பா மைசூர்பாகு வைத்தாள். "பல்லில்லீன்னாலும் கரையும்."

அந்த விமானத்தில் நான் ஒத்திகை பார்த்த மன்னிப்புகளை எண்ணினால் வெட்கம். பணிவான மன்னிப்பு, சட்டபூர்வமான மன்னிப்பு, லேசாகக் கண் கலங்கும் மன்னிப்பு. மூன்றாவதை முயன்றபோது பக்கத்து இருக்கைக்காரர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு பேர்லேண்டில் அவர்கள் வீட்டு முன் வாடகைக் காரை நிறுத்தினேன். ஒன்பது மணிக்குள் நான் மெயில் அனுப்பியாக வேண்டும். ருமேனியாவில் அப்போது மாலை ஐந்து. எலேனா கதவைத் திறந்தார். பத்து மணி ஷிப்டுக்கு நர்ஸ் உடையில் தயாராக இருந்தார். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பி, வாங்கிக்கொண்டார்.

பெரியவர் நீல டிராக் சூட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். சின்ன உடம்பு. முழங்கால் இரண்டும் மேசைக் கால்கள் போலப் பருத்திருந்தன. ருமேனிய வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

"நீதானா?"

"நான்தான் சார்."

மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். எனக்குப் புரியவில்லை. "நாடி பாரு. எழுதிக்கோ. அப்புறம் மறந்துடுவே."

பார்த்தேன். அவருடையது நிதானமாக இருந்தது. ஓடியதெல்லாம் என்னுடையதுதான்.

பிரித்து எழுதிய இரண்டு பக்கங்களையும் மேசையில் வைத்தேன். தன் பக்கத்தை விரலால் தடவி, ஊர் ஊராக, ஆட்டம் ஆட்டமாகப் படித்தார். சரி, சரி என்று தலையாட்டினார். கடைசி வரிசையில் கட்டம் காலியாக இருந்தது. விரல் நின்றது.

"இறுதியாட்டக் கோல் யாருதுன்னு பேப்பர்ல இல்ல சார். நீங்க சொல்லணும்."

எலேனா அவர் தோளில் கை வைத்தார். "சொல்லுங்கப்பா. அந்தச் சேறு, கோல்கீப்பர் வழுக்கினது, எல்லாம் சொல்லுங்க."

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எலேனா, சூப் சூடு பண்ணு. இந்த ஆள் சாப்பிடாம வந்திருக்கான்."

எலேனா உள்ளே போனதும் பெரியவர் என் பக்கம் குனிந்தார்.

"கோல் அண்ணன் போட்டான்."

நான் பேனாவை எடுக்கவில்லை. எனக்குச் சத்தியமாக அப்போது வேறு ஏதாவது நாட்டைச் சரிபார்க்க வேண்டும் போல இருந்தது.

"இங்கே வந்தப்ப இவளுக்குப் பதினோரு வயசு. ஸ்கூல்ல வாயே திறக்கல. உங்கப்பா என்ன பண்றார்னு டீச்சர் கேட்டாங்களாம். நான் ஒரு பாக்டரியில தரை கூட்டிக்கிட்டிருந்தேன். கோப்பையில கோல் போட்டவர்னு சொல்லுன்னு சொன்னேன். சொன்னா. மறுநாள் நாலு பேர் இவகூடப் பேசினாங்க. அண்ணன் அங்கே இருந்தான், இதெல்லாம் அவன் காதுக்குப் போகாது. அப்புறம் அவன் செத்துட்டான். நானே கதையில ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டேன். கோல்கீப்பர் வழுக்கவே இல்ல."

நான் செய்த தப்பை எனக்கு முன்பே ஒருவர் செய்திருந்தார். அவருக்குப் பிரியாணியைவிட நல்ல காரணம் இருந்தது.

"இப்ப நீ என்ன எழுதினாலும் சரி. பேப்பர்ல இல்லைங்கறே. எனக்கு வயசாச்சு, நான் எதிர்த்துப் பேச மாட்டேன்."

எட்டு பதினைந்து. உங்களுக்கு இந்த நிமிடம் வரும், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். அண்ணாச்சி சொன்ன விதிப்படி விடை என் முன்னால் இருந்தது. ஆனால் உள்ளே சூப் கலக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கும் அந்த அம்மாளின் ஐம்பது வருடமும் இருந்தது. காலியாக விட்டுவிட்டால் யாருக்கும் நோகாது. தம்பி பெயரைப் போட்டால் வீட்டில் சந்தோஷம். அண்ணனோ இறந்தவர், புகார் செய்ய மாட்டார். இறந்தவர்கள் புகார் செய்ய மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

எழுதத் துணிவில்லை, எழுதாமல் இருக்கவும் துணிவில்லை. கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "சார், நான் அண்ணன் பேரைத்தான் எழுதணும். ஆனா அதை உங்க மக கல்லோட போட்டோவுல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்க சொல்லிடுங்க."

இதை ஞானம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எலேனா முதலில் போன் செய்யப்போவது எனக்குத்தான் என்ற பயம்.

பெரியவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "எலேனா, அடுப்பை அணைச்சிட்டு வா" என்றார்.

அதன்பின் ருமேனிய மொழியில் நாலைந்து வாக்கியங்கள். எனக்கு எதுவும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. எலேனா உட்காரவில்லை. கையிலிருந்த கரண்டியை மேசைமேல், என் காகிதத்துக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் வைத்தார். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எட்டு முப்பத்தைந்து.

"போயிட்டாங்களே சார்."

"வந்துடுவா."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ காரை மறிச்சுத்தான் உன் காரை நிறுத்தியிருக்கே."

கதவு திறந்தது. எலேனா வாசலிலேயே நின்று, "உங்க காரை எடுங்க" என்றார். எழுந்து ஓடினேன். காருக்குப் பக்கத்தில் நான் சாவியைத் தேடி எல்லாப் பைகளையும் தடவிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"கோல் என்னுதுதான்னு அவர் சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"காலியா விடணும்னு எனக்கு உத்தரவு மேடம்."

"உத்தரவு இருக்கட்டும். நீங்க?"

"உங்க முகத்தைப் பார்த்திருந்தா எழுதியிருப்பேன். நான் பயந்தாங்கொள்ளி."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கார்க் கதவைத் திறக்கவும் இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கோல் பெரியப்பாவோடதுன்னா, அப்ப அப்பா எங்கே இருந்தார்?"

"இடது ஓரத்துல. பந்தை அவர்தான் கொடுத்திருக்கணும்னு நினைக்கிறேன். ஆனா அந்தக் காலத்து ஏட்டுல அதுக்குக் கட்டம் கிடையாது. யாரும் கேட்டு எழுதினதில்ல."

"நானும் கேட்டதில்ல" என்றார் எலேனா. கார்ச் சாவியைப் பைக்குள் போட்டார். பிறகு, "அவர் சொன்னபடியே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

காருக்குள் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து அனுப்பினேன். லுபான் I, கோல். லுபான் II, இடது ஓரம், உயிரோடு இருக்கிறார். எட்டு ஐம்பத்தாறு. மூன்று நிமிடத்தில் நகராட்சிக்காரர் பதில் போட்டார்: கிடைத்தது, இரண்டு பெயர்களும் வெட்டப்படும். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன். ஹாரன் அடித்தது.

காரைப் பின்னால் எடுத்தபோது சாப்பாட்டறை ஜன்னல் தெரிந்தது. எலேனா ஷிப்டை மறந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்தபடி, ஊதிய முழங்காலோடு இடது காலை மெல்ல முன்னால் வீசிக் காட்டினார். சரியில்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் காட்டினார். இன்னும் கொஞ்சம் உள்பக்கமாக.

அதைப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னால் விட்டதில் அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டேன். அங்கே தெருவில் ஓர் ஆள்கூட இல்லை. உள்ளே இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் காரை நிறுத்தி, இறங்கி, போய்க் கதவைத் தட்டினேன்.